கை நனைக்க மாட்டேன்

டெபோரா தனக்கு முன்னால் ஆன்சி வைத்த டம்ளரை ஒற்றை விரலால் தள்ளிவிட்டாள். ஸ்டூலின் விளிம்பு வரை போய் அது நின்றது.

"இன்னாது இது?"

"நெல்லிக்காய் ஜூஸ், ஆன்ட்டி. மாங்காய் இஞ்சி, புதினா போட்டு நானே அரைச்சது," என்றாள் ஆன்சி. "மத்தவங்களுக்கு வெல்லம் போட்டுக் கீது. உங்களுக்கு மட்டும் தனியா, வெல்லம் போடாம."

"ஓகோ! எனக்குன்னு வரச்சொல்லோ வெல்லம் தீந்துபோச்சா? நல்லாக் கீதே மரியாதை!"

டெபோரா மாப்பிள்ளை டெரிக்கின் அம்மா. மகன் ஒரே பிடியாக நின்றதால், திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு ஆன்சியைப் பெண் பார்க்க வந்திருந்தாள். ஆட்டோவை விட்டு இறங்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு சாக்குதான் தேவைப்பட்டது. அதை இவர்களே டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

சம்பந்தம் பிடித்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். ஒரு வாய் குடித்தால் சம்மதம் என்று அர்த்தம். குடிக்காமல் எழுந்துவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது.

ஆன்சியின் அப்பா வால்டருக்குப் பதற்றமாகிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர், ஒரு டம்ளரைப் பார்த்து நடுங்கினார். "கோச்சிக்காதீங்கம்மா, முக்குக் கடையில கூல்ட்ரிங்ஸ் பெரிய பாட்டிலா ஒண்ணு வாங்கியாந்துடறேன்," என்று செருப்பைத் தேடினார்.

"உக்காருய்யா," என்றாள் அவர் மனைவி ஹில்டா.

வால்டர் உட்கார்ந்தார்.

"வந்த சனத்துக்கு ஒரு கூல்ட்ரிங்ஸ் வாங்கித் தர துட்டு இல்லியா?" என்றாள் டெபோரா.

"துட்டு கீது. கடைக்காரனுக்குக் குடுக்கத்தான் மனசு இல்ல," என்றாள் ஹில்டா. "இவ ஞானஸ்நானத்துக்கே நான் பானை வச்சு பானகம்தான் கரைச்சேன். சனம் சிரிச்சுது. சிரிக்கட்டும்னு உட்டேன். பர்த்டே, கிறிஸ்மஸ், எதுக்கும் இந்த வூட்டுக்குள்ள பாட்டில் வந்ததில்ல. அப்படி மிச்சம் புடிச்ச துட்டுலதான் இவளை நர்ஸுக்குப் படிக்க வச்சேன். பாட்டிலா வாங்கிக் குடிச்சிருந்தா ஏப்பந்தான் வந்திருக்கும்."

டெரிக்கை விட்டுவிட ஆன்சியால் முடியாது. அதற்காக அம்மாவை யாராவது கேவலமாகப் பேசினால் கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது.

டெரிக்கோ தலையே நிமிரவில்லை. தரையில் இருந்த டைல்ஸ் பூவை அப்போதுதான் கண்டுபிடித்தவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கஞ்சத்தனத்துக்கு இம்மாம் பெரிய கதையா?" டெபோரா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் புள்ளைய கேளுங்க. வேலை முடிஞ்சு வரச்சொல்லோ எனக்குன்னு டெய்லி யானைக்கவுனி சேட்டு கடையில ஜூஸு வாங்கியாறான். இந்தக் கோடையத் தாண்டி வந்ததே அதாலதான். அதைக் குடிச்ச வாயில இந்தக் கழனித் தண்ணி எறங்குமா?"

"அப்ப அந்த சேட்டு கடையிலயே பொண்ணு எடுங்க!" என்றாள் ஹில்டா.

வால்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

டெபோரா விருட்டென்று எழுந்தாள். "எந்திரிடா டெரிக்கு! செத்தாலும் நான் இந்த வூட்ல கை நனைக்க மாட்டேன்."

டெரிக் எழவில்லை. "அம்மா, ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்து ஆன்சியைப் பார்த்தான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

ஆன்சி ஸ்டூலில் இருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"குடிக்க வேணாம் ஆன்ட்டி, போங்க. ஆனா ஒண்ணு. நாளையிலேர்ந்து உங்களுக்கு அந்த யானைக்கவுனி ஜூஸும் வராது."

"இன்னாமே, மெரட்டுறியா? நீ சொன்னா சேட்டு கடைய மூடிருவானா?"

"குடிக்கத்தானே மாட்டீங்க? மோந்து பாருங்க."

டம்ளர் டெபோராவின் மூக்குக்கு நேராக வந்தது. முகத்தைத் திருப்பத்தான் நினைத்தாள். அதற்குள் மாங்காய் இஞ்சி வாசனை ஏறிவிட்டது. சாயங்காலம் ஆனால் வாசலில் உட்கார்ந்து அவள் காத்திருக்கிற அதே வாசனை. நாக்கில் எச்சில் ஊறியது.

மெல்ல மகன் பக்கம் திரும்பினாள்.

"டேய்... எனக்கு சுகர் கீதுன்னு இவளுக்கு எப்படிடா தெரியும்?"

டெரிக் மறுபடியும் டைல்ஸ் பூவைப் பார்க்கப் போய்விட்டான். ஆன்சிதான் சொன்னாள்.

"வெயில் காலம் பூரா நீங்க எங்க வூட்லதான் கை நனைச்சீங்க, அத்தை!"