கூட வந்தவர்

காலையிலிருந்து ஒவ்வொரு ஆணிடமும் இதே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு டாக்டருக்கு அலுத்துப்போயிருந்தது.

“ராத்திரியில எத்தனை தடவை எழுந்து போறீங்க?”

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்திக்கொண்டார். “நாலு தடவை. சில நாள் அஞ்சு.”

“அவர் சொல்லட்டும்மா. போனதும் சிறுநீர் வந்துடுதா?”

“எங்க வருது? ரொம்ப நேரம் நிக்கிறார், முக்குறார். வந்தாலும் விட்டு விட்டுத்தான். படுத்த கொஞ்ச நேரத்துல மறுபடியும் போறார்.”

பெரியவர் தலை குனிந்துகொண்டார்.

“புரோஸ்டேட் வீக்கம் மாதிரிதான் தெரியுது. ஸ்கேன் பார்த்துட்டு மாத்திரை தர்றேன்,” என்ற டாக்டர் பேனாவை மூடினார். “இங்க வர்ற ஆம்பளைங்க வெட்கப்பட்டு எதையும் சொல்றதில்ல. வீட்டுக்காரம்மாவைக் கேட்டா அவங்களுக்கும் தெரியாது. நீங்க புருஷனை இந்த அளவுக்குக் கவனிச்சிருக்கீங்களே.”

“புருஷனா?” அம்மாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். “நான் கீழ் வீட்டுக்காரி, டாக்டர். இவர் பாத்ரூம் என் கட்டிலுக்கு நேர் மேல. இவர் தூங்கினாத்தான் எனக்குத் தூக்கம். நேத்து ராத்திரி பூரா நடக்கிற சத்தம்தான், தண்ணி சத்தம் பேருக்குத்தான் கேட்டுது. பயந்துபோய், விடிஞ்சதும் கதவைத் தட்டி இழுத்துட்டு வந்துட்டேன்.”

டாக்டர் பெரியவரைப் பார்த்தார். அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“எனக்கே இவங்களை இன்னிக்குக் காலையிலதான் தெரியும்.”