துரு கொட்டிய டேங்க்

புல் வெட்டும் மெஷின் மறுபடியும் நின்றுவிட்டது. மெக்கானிக், இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, அடைப்பை ஊதி, ஸ்க்ரூவைத் திருகினார்.

"இது மூணாவது தடவை!" என்று கார்புரேட்டர் கொதித்தது. "துருவைக் கொட்டுறது மேலே இருக்கிற பெட்ரோல் டேங்க். கழட்டிக் குடையறது மட்டும் என்னையா?"

"வாயைக் குறைடா தம்பி. எனக்குள்ள ஊத்தினதைத்தான் நான் அனுப்புறேன்," என்றது புதுசாக பெயின்ட் அடித்த டேங்க்.

மறுநாளும் மெஷின் நின்றது. மெக்கானிக் கார்புரேட்டரைத் தகர டப்பாவில் வீசிவிட்டுப் புதுசு ஒன்றை மாட்டினார்.

"வேலை தெரியாதவனுக்கு வாய் மட்டும் நீளம்," என்று புதுசு சிரித்தது.

"டேங்கைத் திறந்து பாருங்கய்யா!" என்று பழசு கத்தியது. யாரும் திறக்கவில்லை.

பத்தே நாளில் புதுசும் டப்பாவில் வந்து விழுந்தது. மெக்கானிக் டேங்குக்கு இன்னொரு கோட் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.