சத்தம் போடாத இன்ஜின்

காற்றிலேயே சூடு தணியும் அந்த டர்போ ஸ்போர்ட்ஸ் கார், ரிப்பேர் முடிந்து எடுத்துப்போன நான்காம் நாளே பட்டறைக்குத் திரும்பி வந்தது. மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. தேய்ந்துபோன ஆறு சிலிண்டரையும் இம்மி பிசகாமல் உள்ளே கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டுக் கொடுத்திருந்தார்.

"என்ன சார் குறை?"

"பழைய கடகட சத்தம் வேணும்" என்றார் காரின் சொந்தக்காரரான பெரியவர்.

"அதை நிறுத்தத்தானே சார் ஒரு மாசம் உழைச்சேன்? போன வியாதியை யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

பெரியவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என் மனைவிக்கு என் முகம் மறந்து ரெண்டு வருஷமாச்சு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் 'அவர் வந்துட்டார்'னு சிரிப்பா. கார் இங்க நின்ன மாசம் 'ஊருக்குப் போயிருக்கார்'னு சொல்லிச் சமாளிச்சேன். இப்ப கார் வந்தும் மூணு நாளா, 'அவர் இன்னும் வீட்டுக்கு வரலையே'ன்னு என்கிட்டயே சொல்லி அழறா."