கைப்பிடி

கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அறிவியல் டீச்சர் அதைத் திரும்பச் செருகிப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள். கழிவறைக் கதவு அசைந்து கொடுக்கவில்லை.

மியூசியத்தின் கீழ்த்தளம். வெளியே டைனோசர் எலும்புக்கூட்டைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. போனும் கைப்பையும் பஸ்ஸில் இருந்தன.

இந்த டூருக்குச் சம்மதம் வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "படிப்பா, கூத்தா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"ரெண்டும்தான் சார். முதல்ல மியூசியம், அப்புறம் பார்க்ல ஊஞ்சல், ராட்டினம்" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"சரி, போங்க. ஆனா ஒரு ஆளை விட்டுட்டு வந்தாலும் இனிமே டூர்ங்கற பேச்சே இருக்கக் கூடாது."

அதற்குத்தான் ஜோடித் திட்டம் போட்டாள். ஆளுக்கொரு ஜோடி, கையைப் பிடித்தபடியே நடக்க வேண்டும். ஜோடியைக் காணோம் என்றால் ஊரே அதிரக் கத்த வேண்டும்.

ஒருத்தியோடு மட்டும் யாரும் சேர மாட்டேன் என்றார்கள். வகுப்பில் அவளுக்கு 'லவுட் ஸ்பீக்கர்' என்று பேர். "சரி வாடி, என் கையைப் பிடிச்சுக்கோ" என்று டீச்சர் இழுத்துக்கொண்டாள்.

டைனோசர் குறட்டை விடுமா, பல் தேய்க்குமா என்று அவள் கேட்ட கேள்வியில் டீச்சருக்குத் தலை சுற்றியது. "பஸ்ல போய் உட்காரு. கொஞ்ச நேரம் வாயைத் திறக்காம இரு, தாயே" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டுத்தான் இங்கே ஓடி வந்திருந்தாள்.

மேலே ஹாரன் கேட்டது. பின்னாலேயே இன்னொன்று.

முன் பஸ்ஸில் பி.டி. மாஸ்டர், இவள் பின் பஸ்ஸில் இருப்பதாக நினைப்பார். பின் பஸ்ஸில் டிராயிங் டீச்சர். அவளோ, இவள் முன் பஸ்ஸில் ஏறிவிட்டதாக நினைப்பாள். "நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இன்ஜின் சத்தம் தேய்ந்து அடங்கிப் போயிற்று.

படபடவென்று ஷட்டர் இறங்கியது. விளக்கும் அணைந்தது. நாளை மியூசியத்துக்கு வார விடுமுறை. வாசல் பலகையில் அதைப் பிள்ளைகளைப் படிக்க வைத்ததே அவள்தான்.

கதவை உதைத்தாள், கை வலிக்கத் தட்டினாள். பிள்ளைகளைத் தேட டீச்சர் இருக்கிறாள், டீச்சரைத் தேட யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரரும் வெளியூரில். ஈரத் தரை என்றும் பாராமல் உட்கார்ந்து அழுதாள்.

எவ்வளவு நேரம் போனதோ, ஷட்டர் மறுபடி கடகடத்தது. தடதடவென்று காலடிச் சத்தம். வாட்ச்மேன் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்ப, கதவு பிளந்துகொண்டது. பின்னால் பி.டி. மாஸ்டர் மூச்சு வாங்க நின்றார்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"நாங்க எங்க கண்டுபிடிச்சோம்? மெயின் ரோடு வர்ற வரைக்கும் இவ பேசாமத்தான் இருந்திருக்கா. அப்புறம் கத்துனா பாருங்க ஒரு கத்து, டிரைவர் ஆடிப்போய் பிரேக் போட்டுட்டார்."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து லவுட் ஸ்பீக்கர் எட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"வாயைத் திறக்காதேன்னு சொன்னேன்ல?" டீச்சர் குனிந்து அவள் கண்ணைத் துடைத்தாள்.

அவள் மெல்லக் கையை எடுத்தாள்.

"என் ஜோடியைக் காணலையே, டீச்சர்!"