வலது பேரிங் வாய் திறந்த நாள்

ஒரு காரின் முன்சக்கரங்களில் இரண்டு பேரிங்குகள் இருந்தன. இடது பேரிங் தேய்ந்துபோய் வழியெல்லாம் முனகும். வலது பேரிங் வாயே திறக்காது.

ஒருநாள் மெக்கானிக் தங்கமாரி காரை ஜாக்கியில் தூக்கினார்.

"கழற்றினால் நேரே குப்பைதான், தம்பி," என்று வலது பேரிங்கிடம் சொல்லி நடுங்கியது இடது பேரிங்.

தங்கமாரி இடது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சத்தம் கேட்க அதன் நடுவில் ஸ்குரூடிரைவரை ஊன்றி, பிடியில் காதை வைத்தார். கார் தூக்கியிருந்ததால் பாரம் இல்லை; இடது பேரிங் முனகாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பிறகு வலப்பக்கம் வந்தார். தன் பக்கம் ஒருவர் காது கொடுப்பது வலது பேரிங்குக்கு அதுதான் முதல்முறை. அது வாய் திறந்தது.

"ஐயா, சத்தம் போடுறது நான் இல்லீங்க!"

"இதுதான் கத்துது," என்றார் தங்கமாரி.

குப்பை டப்பாவில் கிடந்தபடி, கார் போவதைக் கேட்டது வலது பேரிங். தெருமுனை வரை அதே முனகல்.