வெயில் படாத நாற்காலி

"தள்ளுபடி ஆயிடுச்சு. அம்சவல்லி, போய் எல்லாருக்கும் அசோகா அல்வா வாங்கிட்டு வாம்மா. நெய் மிதக்கணும், பாத்து வாங்கு" என்று ஆபீஸ் உதவியாளரிடம் சொன்னார் வைத்தியலிங்கம். வாயெல்லாம் பல்.

தாலுகா ஆபீஸ் சர்வே பிரிவுக்கு அவர்தான் தலைமை. கொஞ்ச நாளாய் மனுஷன் சரியாய்த் தூங்கவில்லை. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சர்வேயர் ஃபஹ்மிதா மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதிப் போட்டிருந்தாள். 'நான் பெண் என்பதால் நிலம் அளக்க வெளியே அனுப்புவதே இல்லை. ஆபீசில் உட்கார்ந்து நிலப் படம் வரையச் சொல்கிறார். இது பாரபட்சம்.'

பாரபட்சமாம். அவருக்கு வயிறு எரிந்தது. கோடை வெயிலில் வரப்பு வரப்பாய் அலையவிடாமல், ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு மகாராணி மாதிரி உட்கார வைத்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்லாமல் புகார் எழுதுகிறது பெண்.

வெளிவேலைக்கெல்லாம் இன்னொரு சர்வேயர் மதிவாணன்தான். கெட்டிக்காரப் பையன். எங்கே அளந்துவிட்டு வந்தாலும் அவன் வண்டியில் ஒரு வாழைத்தாரோ, நாலு தேங்காயோ இருக்கும். வருகிற வழியில் அது சார் வீட்டில் இறங்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்தியலிங்கமே சொல்வார்.

ஃபஹ்மிதாவின் கவலை வேறு. வயலில் இறங்கி அளந்த அனுபவம் இல்லாமல் பதவி உயர்வுக்குப் பேர் போகாது. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த மதிவாணன் பேர் போய்விட்டது. கோடையை விட்டால் அளக்கவும் முடியாது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு ஆரம்பித்துவிட்டால் எந்த விவசாயி வயலுக்குள் அளவுச் சங்கிலி இழுக்க விடுவான்?

விசாரணைக்கு வந்தவர் மாவட்ட அதிகாரி மாலதி மேடம். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டார்.

"ஏன் சார், இந்தப் பொண்ணை வெளியில அனுப்புறதே இல்லியாமே?"

"யாரு மேடம் சொன்னா? முறை வச்சுல்ல அனுப்புறேன். இந்த வாரம் மதிவாணன்னா அடுத்த வாரம் ஃபஹ்மிதா."

பச்சைப் பொய். ஃபஹ்மிதா வாயைத் திறப்பதற்குள் மேடம் கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

"அப்படியா? அதை அப்படியே எழுதிக் குடுங்க சார்."

கையெழுத்து, தேதி, சீல் என்று சகலமும் போட்டுக் கொடுத்தார் வைத்தியலிங்கம். "போதும், விசாரணை முடிஞ்சுது" என்று மேடம் எழுந்துவிட்டார். ஃபஹ்மிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. பார்க்க வைத்தியலிங்கத்துக்கே பாவமாய்த்தான் இருந்தது, ஒரு நிமிஷம்.

இன்றைக்கு உத்தரவு வந்தாயிற்று. அசோகாவும் வந்தாயிற்று.

"எடுத்துக்கம்மா ஃபஹ்மிதா. எனக்கு உம்மேல கோவமெல்லாம் இல்ல. இன்னமே ஒழுங்கா ஒக்காந்து படத்தை வரை" என்று தட்டை நீட்டினார்.

அவள் தட்டைப் பார்க்கவே இல்லை. அவளுக்கும் உத்தரவின் நகல் வந்திருந்தது. அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"சார், இதை முழுசாப் படிச்சீங்களா?"

"தள்ளுபடின்னு போட்டுருக்குல்ல? அதுக்கு மேல என்னத்தைப் படிக்கிறது?"

"அதுக்கு மேலயும் போட்டுருக்கு சார்." அவள் வாசித்தாள். "'வாரம் ஒருவர் என முறை வைத்து அனுப்புவதாகத் தலைமை அளவர் எழுதிக் கொடுத்திருப்பதால் புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது. இனி அந்த முறை தவறினால், பொய்யான வாக்குமூலம் கொடுத்ததாகக் கருதி அவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' போன வாரம் மதிவாணன் போனாரு. அப்ப இந்த வாரம் யாரு சார்?"

வைத்தியலிங்கத்துக்கு அசோகா தொண்டையிலேயே நின்றுவிட்டது. கிளம்பத் தயாராய் நின்ற மதிவாணன், வண்டிச் சாவியைச் சத்தமில்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஃபஹ்மிதா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு சங்கிலியையும் கொடியையும் எடுத்தாள். அம்சவல்லி அவள் பங்கு அசோகாவைப் பொட்டலம் கட்டி ஓடிப்போய்க் கையில் கொடுத்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஃபஹ்மிதா சிரித்துக்கொண்டே அதில் இறங்கிப் போனாள்.

பொறுக்கமாட்டாமல் மேடத்துக்கே போன் போட்டார் வைத்தியலிங்கம்.

"என்ன மேடம், இப்படிப் பண்ணிட்டீங்க? எம்மேல தப்புன்னு எழுதியிருந்தாக்கூட நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேனே."

"அதனாலதான் சார் எழுதல. நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க, தடை வாங்குவீங்க, கேசு இழுக்கும். அந்தப் பொண்ணு அதே நாற்காலியில கெடக்கும். இப்ப நீங்களே எழுதிக் குடுத்ததை எதுத்து எங்க போயி அப்பீல் பண்ணுவீங்க?"

"பொம்பளைப்புள்ள வெயில்ல கஷ்டப்படக் கூடாதேன்னு ஒரு நல்ல எண்ணத்துலதான் மேடம்..."

மேடம் சிரித்தார்.

"தெரியும் சார். நானும் சர்வேயராத்தான் வேலைக்குச் சேந்தேன். எனக்கும் ஒரு தலைமை சர்வேயர் இருந்தாரு, உங்களை மாதிரியே நல்ல மனுஷன். அவரு ரிட்டயர் ஆகுற வரைக்கும் எம்மேல வெயிலே பட விடல."