எலிக்கிட்டியோடு ஒரு படம்

திருமங்கலம் சாலையோரக் காட்டுநாயக்கர் குடியிருப்பில், சாயங்கால வெயில் தகரக் கதவில் பட்டுக் கூசுகிறது. கூரியர் கம்பெனிச் சட்டையைக் கழற்றிவிட்டு, வயலில் எலி பிடிக்கும் மூங்கில் பொறியான எலிக்கிட்டியை இரவல் வாங்கிக்கொண்டு நிற்கிறார் சோலை. பழங்குடிச் சான்று கிடைத்தால்தான், பக்கத்தில் நிற்கும் அவர் மகள் சத்யப்ரியாவுக்கு நர்சிங் காலேஜில் இடம். பாட்டன் காலத்துத் தொழிலைச் செய்வதுபோல் படம் இருந்தால் விசாரணைக்கு வரும் அதிகாரி நம்புவார் என்று சொன்னவள், சமூகப் பணியாளர் சபிஹா. “இதை எந்தப் பக்கம் பிடிக்கணும்மா?” என்று அவளிடமே கேட்கிறார் சோலை. அவளுக்கும் தெரியவில்லை. துப்பட்டாவால் வெயிலை மறைத்துச் செல்போனில் தேடுகிறாள். அதற்குள் கிட்டியின் மூங்கில் வில் படீரென்று தெறிக்க, மூவரும் சிரித்துவிடுகிறார்கள். தேடிக் கிடைத்த படத்தைப் பார்த்துச் சோலை கிட்டியைத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறார். சபிஹா செல்போனை உயர்த்துகிறாள். சத்யப்ரியா அவள் தோளருகே வந்து திரையை எட்டிப் பார்க்கிறாள். “அக்கா, ஒங்க சாதி சர்டிபிகேட்டுக்கு நீங்க எதைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?” குத்திக்காட்டவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். சபிஹாவின் கட்டைவிரல் திரையில் படாமல் அந்தரத்தில் நிற்கிறது. திரைக்குள் சோலை, மூச்சைப் பிடித்தபடி, இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருக்கிறார்.